ஓதம் வற்றிய நேரத்து ஓவியம்

1865ஆம் ஆண்டு மே மாதம். பாரிசில் சலோன் கண்காட்சி திறந்தாயிற்று. அரசாங்கம் நடத்தும் அந்தக் கண்காட்சியில் படம் மாட்டப்பட்டால்தான் ஓர் ஓவியருக்குப் பெயர், விலை, அடுத்த வேலை எல்லாம். அந்த வருடம் எத்வார் மானே ‘ஒலிம்பியா’ என்ற நிர்வாணப் படத்தைக் கொடுத்திருந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், திட்டினார்கள், பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நிலைமை இப்படி இருக்கும்போது சிலர் அவரிடம் வந்து, உங்கள் கடல் ஓவியங்கள் அபாரம் என்று கைகுலுக்கினார்களாம். மானே அந்த முறை கடல் ஓவியமே கொடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் கையெழுத்து ‘மோனே’ என்று இருக்கிறது. பெயரின் முதலெழுத்துப்படி பிரித்து மாட்டுவது அப்போதைய வழக்கம் என்பதால் இரண்டு பேரும் ‘M’ எழுத்து வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். என் பெயரை வைத்துப் பிழைக்கப் பார்க்கும் இந்த ஆள் யார் என்று மானே எரிந்து விழுந்ததாகச் சொல்வார்கள். இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கை கால் கொஞ்சம் முளைத்திருக்கும். ஆனால் அந்த இரண்டு கடல் ஓவியங்களும் இன்றைக்கும் இருக்கின்றன. இரண்டுமே அமெரிக்காவில்.

ஒன்று, வட பிரான்சின் நார்மண்டிக் கரையில் ஓன்ஃப்ளர் ஊரருகே சேன் ஆறு கடலில் கலக்கும் இடம். கலிஃபோர்னியாவில் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று, லு ஆவ்ர் துறைமுக நகரத்தை ஒட்டிய லா ஏவ் முனை. அது டெக்சாசில், ஃபோர்ட் வொர்த் நகரின் கிம்பெல் அருங்காட்சியகத்தில். இரண்டும் கிட்டத்தட்ட 90 செ.மீ. உயரம், 150 செ.மீ. அகலம். வரைந்தபோது க்ளோத் மோனேவுக்கு வயது 24. சலோனில் அவர் படம் ஏறியது அதுதான் முதல் தடவை.

கணத்தில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் நிறத்தையும் வேகமான தீற்றுகளில் பிடித்த ஓவிய இயக்கம் இம்ப்ரஷனிசம். அது என்றதும் எல்லாரும் மோனே 1872இல் வரைந்த ‘இம்ப்ரஷன், சூரிய உதயம்’ படத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நானும் அங்கே வந்து சேருவேன். ஆனால் எனக்கு இந்த லா ஏவ் முனைப் படத்தில் தொடங்கத்தான் பிடித்திருக்கிறது. அதில் கடல் வற்றிக் கிடக்கிறது, அதனால்.

படத்தில் நடப்பது என்று ஒன்றுமே இல்லை. தூரத்தில் பாறை முனை கடலுக்குள் இறங்குகிறது. மேலே பாதிக்கும் அதிகமாகச் சாம்பல் நிற மேகம். கீழே ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல்நீர், வாங்கிப் போன கரை, ஈரம் காயாத கல்லும் மணலும். கரை அரிக்காமல் இருக்க நட்டுவைத்த மரக்கட்டைகள் கறுத்து நிற்கின்றன. குதிரைகளும் வண்டியும் நமக்கு முதுகைக் காட்டியபடி நீர்விளிம்பை ஒட்டிப் போகின்றன. அவ்வளவுதான். அதுவரை பிரான்சில் கடல் ஓவியம் என்றால் கப்பல் உடைய வேண்டும், பீரங்கி வெடிக்க வேண்டும், இல்லையென்றால் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோசப் வெர்னே அரசருக்காக வரைந்த துறைமுகங்களைப் போல நாட்டின் செல்வமெல்லாம் கரையில் இறங்க வேண்டும். இங்கே யாரோ ஒருவர் வேலை முடிந்தோ வேலைக்காகவோ வண்டியில் போகிறார். நாள் மேகமூட்டமாக இருக்கிறது. கடல் இன்னும் சில மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும், அந்தச் சக்கரத்தடம் இருக்காது.

போல் மான்ட்ஸ் என்ற விமர்சகர் இந்தப் படங்களைப் பாராட்டி எழுதினார். துணிச்சலாகப் பார்க்கிறார், பார்ப்பவரை இழுத்து நிறுத்துகிறார், இந்த நேர்மையான கடல் ஓவியர் இனி என்ன செய்கிறார் என்று கவனிப்போம் என்ற மாதிரி. ஆக, அறிமுகமானபோது மோனேவுக்குக் கிடைத்த முத்திரை கடல் ஓவியர் என்பதுதான். தாமரைக் குளம், வைக்கோற்போர், தேவாலயம் எல்லாம் பின்னால் வந்தவை.

இதில் ஒரு வேடிக்கை. இந்தப் பெரிய கான்வாஸ் கடற்கரையில் வரைந்தது இல்லை. 1864இல் நார்மண்டிக் கரையில் சின்ன கான்வாஸ்களில் நேரில் பார்த்துத் தீட்டி எடுத்துக்கொண்டு, குளிர்காலத்தில் பாரிஸ் திரும்பி, நண்பர் பிரெதெரிக் பசீலோடு பகிர்ந்துகொண்ட ஸ்டூடியோவில் உட்கார்ந்து பெரிதாக்கியது. கரையில் பிடித்தது வெறும் குறிப்பு, ஸ்டூடியோவில் செய்ததுதான் ஓவியம் என்பது அந்தக் காலத்து ஒழுங்கு. மோனே அந்த ஒழுங்கை அப்போது மீறவில்லை. குறிப்பையே ஓவியம் என்று சட்டம் போட்டு மாட்ட இன்னும் ஒன்பது வருடம் ஆனது. இம்ப்ரஷனிசத்தின் ஆரம்பம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், இந்த ஒன்பது வருடத்தைத்தான் காட்டுவேன். அதற்குப் பின்னால் நிற்கும் ஆளைக் கேட்டால், யூஜேன் பூதான்.

பூதான் 1824இல் ஓன்ஃப்ளரில் பிறந்தவர். அப்பா படகுக்காரர். பையனும் சின்ன வயதிலேயே அப்பாவோடு படகில் எடுபிடி வேலைக்குப் போயிருக்கிறார். ஒருமுறை தண்ணீரில் விழுந்து பிழைத்ததாகச் சொல்வார்கள். பிறகு குடும்பம் எதிர்க்கரை லு ஆவ்ருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே எழுதுபொருள் விற்று, படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை. அந்தப் பக்கம் வரும் ஓவியர்கள் தங்கள் படங்களைக் கடையில் வைப்பார்கள். மிய்யே வந்திருக்கிறார், த்ருவாயோன் வந்திருக்கிறார். கடைக்காரப் பையன் தானும் வரைய ஆரம்பித்தார். நகராட்சி உதவித்தொகை கொடுத்துப் பாரிசுக்கு அனுப்பிப் பார்த்தது. ஆனால் மனிதருக்கு லூவர் அரண்மனையைவிட லு ஆவ்ர் வானம்தான் ஒத்துவந்தது. திறந்த வானத்தில் நீந்த வேண்டும், மேகத்தின் மென்மையை எட்ட வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

எழுதியதோடு நிற்கவில்லை. கையகலத் தாள்களில் பேஸ்டல் என்னும் உலர்வண்ணக் கட்டிகளால் வானத்தை வரைந்து தள்ளினார். தரை இருக்காது, இருந்தால் அடியில் ஒரு கோடாகக் கடல். ஓரத்தில் தேதி, நேரம், காற்று வீசும் திசை. படகுக்காரர் மகன் வேறெப்படிச் செய்வார்? பாய் விரிப்பவருக்கு மேகம் அழகா என்பது இரண்டாவது கேள்வி. அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி.

1859இல் கவிஞர் போதலேர் ஓன்ஃப்ளருக்கு வந்திருந்தார். அவருடைய அம்மாவின் வீடு அங்கே இருந்தது. வந்த இடத்தில் பூதானின் ஸ்டூடியோவுக்குப் போய் அந்த வானங்களைப் பார்த்து அசந்து போனார். அந்த வருடத்துச் சலோன் விமர்சனத்தில், சலோனிலேயே இல்லாத இந்தப் பேஸ்டல்களைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். நூற்றுக்கணக்கான படங்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘அக்டோபர் 8, நண்பகல், வடமேற்குக் காற்று’ என்பது போல ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்த்தாலும் என்ன பருவம், என்ன நேரம், என்ன காற்று என்று சொல்லிவிடலாம் என்றார்.

இந்த வரியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்குப் பக்கத்திலேயே அவர் சொன்ன இன்னொன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இவை ஓவியங்கள் இல்லை, பூதானும் இவற்றை ஓவியம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, இந்தக் காற்றையும் நீரையும் பின்னால் முழுமையான படங்களில் விரித்துக் காட்டுவார் என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் புதிய கலைக்காக அவ்வளவு வாதாடிய போதலேருக்கே, மேகத்தின் பேஸ்டல் ஒன்று தன்னளவில் போதும் என்று தோன்றவில்லை. மனிதர்கள் இல்லையே என்ற குறை தனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்றார், ஆனாலும் அதையே அறிவுரையாக எடுத்துக்கொண்டு மனிதரை விட்டுவிடக் கூடாது என்று பூதானை எச்சரிக்கவும் செய்தார்.

இதே சமயத்தில்தான் மோனே வருகிறார். லு ஆவ்ரில் மளிகை மொத்த வியாபாரக் குடும்பத்துப் பையன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களைக் கேலிப்படம் போட்டுப் போட்டு, பதினேழு வயதுக்குள் ஊர்ப் பெரிய மனிதர்களைக் காசுக்கு வரையும் அளவுக்கு வந்துவிட்டான். ஒரு படத்துக்குப் பத்து, இருபது பிராங்க். அந்தக் கேலிப்படங்கள் ஒரு சட்டக்கடையின் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கும். அதே கண்ணாடிக்குள் பூதானின் கடல் ஓவியங்களும். பையனுக்கு அவற்றைக் கண்டாலே பிடிக்காது. கடைக்காரர் அறிமுகப்படுத்துகிறேன் என்றபோதெல்லாம் நழுவியிருக்கிறான். கடைசியில் ஒருநாள் மாட்டிக்கொண்டான். பூதான் கோபப்படவில்லை, கேலிப்படம் நன்றாக இருக்கிறது, இதோடு நின்றுவிடாதே, என்னோடு வெளியே வந்து வரை என்றார். பதினாறு வயது மூத்தவர், இரண்டு முறை கூப்பிட்டபின் மறுக்க முடியுமா?

1858 கோடையில் ஊருக்கு வெளியே ருவெல் பக்கம் போனார்கள். பூதான் பெட்டியைத் திறந்து வேலையைத் தொடங்கினார், பையன் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை மறைத்த திரை கிழிந்த மாதிரி இருந்தது என்று மோனே பின்னாளில் சொன்னார். நான் ஓவியன் ஆனேன் என்றால் அது பூதானால்தான் என்றும் சொன்னார். ஊருக்கெல்லாம் கடன் வைத்து, நண்பர்களுக்கு உருக்கமான கடிதங்கள் எழுதிப் பணம் கேட்ட மோனே, இந்த ஒரு கடனை மட்டும் கடைசிவரை தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

சரி, வெளியே போய் வரைவது என்ன பெரிய புரட்சி? அப்படிப் பார்த்தால் பாரிசுக்கு அருகே ஃபோந்தேன்ப்ளோ காட்டில் பார்பிசோன் கிராமத்து ஓவியர்கள் ஏற்கனவே வெளியே போய்த்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இங்கேதான் கடலின் பங்கு பெரிதாகப் படுகிறது. மரம் பொறுமையாக நிற்கும். காலையில் பார்த்த ஓக் மரம் மாலையிலும் அதே இடத்தில் இருக்கும், நிழல் மட்டும் நகரும். நார்மண்டிக் கடல் அப்படியில்லை. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு ஓதம் என்பது பள்ளிக்கூடப் புவியியல் பாடம். மெரினாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவில்தான் வித்தியாசம், கால் நனைக்கும் இடம் சற்றுத் தள்ளும், அவ்வளவே. லு ஆவ்ரில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏழெட்டு மீட்டர். இரண்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி இறங்குகிறது. உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்குப் போக ஆறு மணி நேரம்தான். காலை பத்து மணிக்கு நீங்கள் கோடு போட்டுவைத்த கரை, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கடலுக்கடியில் இருக்கும். மிதந்த படகு சேற்றில் சாய்ந்து கிடக்கும். மேலே மேகம் வேறு தன் பாட்டுக்கு ஓடும். இந்த இடத்தில் ஈசலை, அதாவது கான்வாஸைத் தாங்கும் மரச்சட்டத்தை, நட்டு உட்கார்ந்தால் இரண்டே வழிதான்: மனதிலிருந்து எடுத்து ஒப்பேற்றுவது, அல்லது கையை வேகப்படுத்துவது.

கையை வேகப்படுத்தினால் என்ன ஆகும்? அலையை அலையாக வரைய நேரம் இருக்காது. அது இந்தக் கணம் என்ன நிறத்தில் தெரிகிறதோ அந்த நிறத்தை ஒரு தீற்றாக வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அடியில் பூசிய வண்ணம் காயக் காத்திருக்க முடியாது, ஈரத்தின் மேலேயே ஈரம். நிழலுக்குத் தனியாகப் பழுப்புக் கலக்க அவகாசம் கிடையாது. நாம் இன்று இம்ப்ரஷனிச பாணி என்று சொல்கிற பல விஷயங்கள் ஓதத்தோடு ஓடிப் பிடித்ததில் வந்த கைப்பழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நேரில் நின்று வைக்கும் மூன்று தீற்று ஸ்டூடியோவில் இரண்டு நாள் உழைப்பதைவிட மேல் என்று பூதான் சொன்னதும் இதைத்தான்.

இந்தச் சிக்கல் புகைப்படக்காரர்களுக்கும் இருந்தது. போனில் கடற்கரையைப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், கடல் சரியாக வந்தால் வானம் வெளுத்துவிடும், வானத்தைத் தொட்டுச் சரிசெய்தால் கடல் கறுத்துவிடும். 1850களின் தகடுகள் நீல ஒளிக்கு ரொம்பவும் கூருணர்வு கொண்டவை, வானம் வெறும் வெள்ளையாகவே விழும். குஸ்தாவ் லு கிரே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொன்று, அடிவானத்தில் இரண்டையும் ஒட்டி ஒரே படமாக அச்சிட்டார். 1856, 57இல் அவர் காட்டிய கடல் படங்கள் பாரிசையும் லண்டனையும் கலக்கின. அற்புதமான படங்கள், சந்தேகமில்லை. ஆனால் சிலவற்றில் அந்தக் கடலுக்கு மேல் இருப்பது அந்தக் கடலின் வானமே இல்லை. வானமும் நீரும் ஒரே கணத்தில் எப்படி இருந்தன என்பதைச் சொல்ல அப்போது இருந்த கருவி, வண்ணப் பெட்டியோடு காற்றில் உட்கார்ந்திருந்த பூதான் மாதிரி ஆட்கள்தான்.

பெட்டி என்றதும் வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்கர் தகரக் குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்த வண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிய கஷ்டம் போனது. 1847இல் பாரிசிலிருந்து லு ஆவ்ர்வரை ரயில் வந்தது. பின்னால் அதே கரையிலுள்ள த்ரூவில் ஊருக்கும் வந்தது. ரயிலோடு குடையும், வளையம் வைத்து விரித்த கிரினோலின் பாவாடையுமாகப் பாரிஸ்காரர்கள் கடற்கரைக்கு வந்து இறங்கினார்கள். பூதான் அவர்களையும் வரைந்தார், நன்றாக விற்றது. ஒருமுறை பிரான்சின் பிரித்தனிப் பகுதி மீனவர் ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவருக்கு இந்தப் பணக்காரக் கூட்டம் வெறும் வேஷமாகத் தெரிந்து வெட்கமாகிவிட்டது. அடுத்த வருடமே மனம் மாறி, மாலை வெயிலில் அலைமேடையில் நடக்கும் இந்த நடுத்தர வர்க்கத்துக்கும் கான்வாஸில் இடம்பெற உரிமை இல்லையா என்று நண்பருக்கு எழுதினார். இந்தத் தடுமாற்றத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

மோனேவுக்கு இரண்டாவது ஆசான் டச்சு ஓவியர் யோஹான் யோங்கின்ட். அவரைச் சந்தித்த கதை கொஞ்சம் கோமாளித்தனமானது. 1862இல் அல்ஜீரியாவில் ராணுவ சேவையிலிருந்து உடம்பு சரியில்லாமல் திரும்பிய மோனே, லு ஆவ்ர் பக்கத்தில் ஒரு பசுவை வரைந்துகொண்டிருக்கிறார். பசு நகர்ந்துகொண்டே இருக்கிறது, இவரும் ஈசலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறார். அதைப் பார்த்த ஓர் ஆங்கிலேயர் உதவி செய்வதாக நினைத்துப் பசுவின் கொம்பைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார். பசு விடுமா? பேச்சுக் கொடுத்ததில் அந்த ஆங்கிலேயருக்கு யோங்கின்டைத் தெரியும் என்று தெரிந்தது. அப்படித்தான் பழக்கம். யோங்கின்ட் குடிகாரர், பிரெஞ்சு தட்டுத்தடுமாறும், ஆனால் நேரில் நின்று நீர்வண்ணத்தில் அவர் பிடித்த துறைமுகங்களில் இரண்டு கோடு படகாகிவிடும். என் கண்ணுக்கு முடிவான பயிற்சி தந்தவர் அவர்தான் என்று மோனே சொல்லியிருக்கிறார். 1864இல் ஓன்ஃப்ளருக்கு மேலே சேன்த் சிமியோன் பண்ணை விடுதியில் மூன்று பேரும் கூடிப் பழகினார்கள். லா ஏவ் முனைக்கான சின்னக் கான்வாஸ்கள் அந்த வருடத்தவை.

இம்ப்ரஷனிசத்தின் வேர் என்றதும் ஆங்கில ஓவியர் டர்னரைக் கொண்டுவந்து நிறுத்துபவர்கள் உண்டு. 1870இல் பிரஷ்யாவோடு நடந்த போருக்குப் பயந்து லண்டன் போன மோனேவும் அவர் ஓவிய நண்பர் பிசாரோவும் அங்கே டர்னரைப் பார்த்து வழி கண்டுகொண்டார்கள் என்று. பார்த்தார்கள், உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே கடலோரத்தில் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டதே! டர்னரும் இன்னொரு ஆங்கில ஓவியரான கான்ஸ்டபிளும் சில விஷயங்கள் கற்றுத்தந்தார்கள், ஆனால் நிழலை அலசத் தெரியாதவர்கள் என்று பிசாரோவே பிற்காலத்தில் முகத்தைச் சுளித்தார். அது கொஞ்சம் அநியாயமான பேச்சு. இருந்தாலும் லண்டன் கதையைவிட அதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த த்ரூவில் கதைக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

1870 ஜூனில் மோனேவுக்கும் கமீலுக்கும் கல்யாணம். கோடையில் குழந்தை ஜானையும் கூட்டிக்கொண்டு த்ரூவில் போனார்கள். பூதானும் மனைவியோடு அங்கேதான் இருந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் ‘த்ரூவில் கடற்கரை’ அப்போது வரைந்தது. மிகச் சின்னது, 38 செ.மீ. உயரம், 46.5 செ.மீ. அகலம். இடது பக்கம் வெள்ளை உடையில் கமீல், வலது பக்கம் கறுப்பு உடையில் இன்னொரு பெண், பூதானின் மனைவியாக இருக்கலாம் என்பார்கள். நடுவே காலியாக ஒரு நாற்காலி. கமீலின் முகம் சில தீற்றுகளில் முடிந்துவிடுகிறது. குடை நிழல் விழும் இடத்தில் மூக்கு, வாய் என்று பிரித்துப் பார்க்க எதுவும் இல்லை. வெள்ளை உடை அகலத் தூரிகையால் நாலைந்து இழுப்பு. இந்தப் படத்தை ஆராய்ந்தபோது வண்ணத்துக்குள் மணலும் கிளிஞ்சல் துணுக்குகளும் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். கடற்காற்று அள்ளிப்போட்டது. ஈரமாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது, மோனேவும் அதைத் தட்டிவிடாமல் மேலேயே தீட்டிக்கொண்டு போயிருக்கிறார். 1865இல் பாரிசுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிய ஆள், ஐந்து வருடம் கழித்து மணலோடு சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

ஜூலை 19 அன்று பிரஷ்யாவோடு போர் மூண்டது. மோனே குடும்பம் லண்டன், பிறகு ஹாலந்து என்று சுற்றி 1871 கடைசியில்தான் திரும்பியது.

இனி அந்தச் சூரியன். லு ஆவ்ர் துறைமுகத்தைப் பார்த்த ஹோட்டல் ஜன்னலிலிருந்து வரைந்தது, 48 செ.மீ. உயரம், 63 செ.மீ. அகலம், இப்போது பாரிசில் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில். நீலச் சாம்பல் மூட்டம், பின்னால் பாய்மரங்களும் பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் மங்கலாக, முன்னால் சின்னப் படகுகள் சாய்வாக ஒன்றன்பின் ஒன்றாக மங்கிப் போகின்றன. ஆரஞ்சு வட்டம், அதன் கீழே தண்ணீரில் குறுக்குக் குறுக்காகக் கெட்டியான ஆரஞ்சுத் தீற்றுகள். இந்தப் படத்தைப் போனில் திறந்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஹார்வர்டின் நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் எடுத்துக்காட்டிய விஷயம் இது: அந்தச் சூரியனும் அதைச் சுற்றிய மேகமும் வெளிச்ச அளவில் ஒன்றுதான், வேறுபடுவது நிறம் மட்டும். நம் மூளையில் வெளிச்சத்தைக் கவனிக்கும் பகுதிக்கு அந்தச் சூரியன் சரியாகத் தெரிவதில்லை, நிறத்தைக் கவனிக்கும் பகுதிக்குப் பளிச்சென்று தெரிகிறது. அதனால்தான் அது ஓர் இடத்தில் நிற்காமல் துடிக்கிற மாதிரி இருக்கிறது. மோனேவுக்கு இந்த அறிவியல் தெரியாது. மூட்டத்தில் சூரியனை வெறும் கண்ணால் நேராகப் பார்க்கலாம் என்பது தெரியும், பார்த்ததை வைத்தார்.

1874 ஏப்ரல் 15 அன்று, நதாரின் பழைய புகைப்பட ஸ்டூடியோவில் சலோனுக்கு வெளியே தாங்களாகவே ஒரு கண்காட்சி திறந்தார்கள். மோனே, ரென்வார், தெகா, பிசாரோ, சிஸ்லி, செசான், மோரிசோ. பூதானும் இருந்தார். அவர் வைத்தவற்றில் சட்டம் போட்ட வானப் பேஸ்டல்களும் இருந்தன. பதினைந்து வருடம் முன்பு இவை ஓவியங்கள் இல்லை என்று போதலேர் எழுதிய அதே மாதிரியான பேஸ்டல்கள். பத்து நாள் கழித்து ‘லு ஷரிவரி’ நகைச்சுவைப் பத்திரிகையில் லூயி லெருவா கிண்டலாக ஓர் உரையாடல் எழுதினார். அரைகுறையாக இருக்கும் சுவர்த்தாள்கூட இந்தக் கடல் ஓவியத்தைவிட முடிவு பெற்றது என்று அதில் ஒரு பாத்திரம் புலம்பும். படத்தின் தலைப்பில் இருந்த ‘இம்ப்ரஷன்’ என்ற சொல்லைப் பிடித்துக் கேலி செய்த அந்தக் கட்டுரையால் இயக்கத்துக்கு இம்ப்ரஷனிசம் என்ற பெயர் கிடைத்த கதை பலருக்கும் தெரியும். லெருவா சொன்னதில் ஒரு பாதி சரி: முடிக்காமல் விட்டதை முடிந்தது என்று மாட்டியிருந்தார்கள். வியாபாரம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அந்தச் சூரியனை எர்னெஸ்ட் ஒஷ்தே என்ற ஓவியச் சேகரிப்பாளர் 800 பிராங்க்குக்கு வாங்கினார். நொடித்துப்போய் 1878இல் விற்றபோது 210 பிராங்க் கிடைத்தது.

2014இல் மார்மொத்தான் அருங்காட்சியகம் இந்தப் படத்தைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. அதற்காக டெக்சாஸைச் சேர்ந்த வானியற்பியலாளர் டொனால்ட் ஓல்சன் ஒரு கணக்குப் போட்டார். பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்து அந்த ஜன்னல் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்தார். 1944 குண்டுவீச்சில் அந்தப் பகுதியே அழிந்துவிட்டதால் நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. சூரியன் அந்தத் திசையில், அந்த உயரத்தில் இருக்க வேண்டுமென்றால் நவம்பர் நடுவிலோ ஜனவரி கடைசியிலோதான் முடியும். அப்புறம் ஓதம். பெரிய கப்பல்கள் உள்ளே போகவும் வெளியே வரவும் ஓதம் உயர்ந்திருக்கும் சில மணி நேரம் மட்டுமே மதகு திறப்பார்கள்; படத்தில் கப்பல்கள் அந்த நிலையில் இருக்கின்றன, தண்ணீரும் நிறைந்திருக்கிறது. புகை சாயும் பக்கத்தை வைத்துக் காற்று கிழக்கிலிருந்து என்று தெரிந்தது. பழைய வானிலைக் குறிப்புகளைப் புரட்டி, மழையும் புயலுமாக இருந்த நாட்களைக் கழித்தார். மிஞ்சியவற்றில் கையெழுத்துக்குப் பக்கத்தில் மோனே போட்ட 72க்குப் பொருந்துவது 1872 நவம்பர் 13, காலை சுமார் 7:35.

பருவம், நேரம், காற்று. பூதானின் குறிப்பைக் கையால் மறைத்துவிட்டுச் சொல்லலாம் என்று போதலேர் சொன்ன அதே மூன்று. எத்தனை கலை வரலாற்றாசிரியர்கள் எவ்வளவு எழுதினாலும், மோனே யாரிடம் படித்தவர் என்பதற்கு இந்தக் கணக்கைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

பூதான் அதன்பிறகு அவர்களோடு படம் வைக்கவில்லை, சலோனுக்கே திரும்பிப் போய்விட்டார். மோனே கடலை விடவில்லை. 1880களில் எத்ரெத்தா பாறைகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். அங்கே அவரைப் பார்த்த எழுத்தாளர் மோப்பசான், பின்னால் பிள்ளைகள் ஐந்தாறு கான்வாஸ்களைச் சுமந்துகொண்டு வர அவர் நடந்ததை எழுதியிருக்கிறார். ஒரே காட்சி, வேறு வேறு நேரத்துக்கு வேறு வேறு கான்வாஸ். வெளிச்சம் மாறினால் இதை வைத்துவிட்டு அதை எடுப்பார்.

1885 நவம்பரில் ஒருநாள் அங்கே மான்போர்த் பாறை வளைவின் அடியில் உட்கார்ந்திருந்தார். ஓதம் வற்றிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை, அதனால் சில அடி தள்ளி விழுந்த அலைகளைக் கண்டுகொள்ளவில்லை. உண்மையில் ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய அலை ஒன்று வந்து அவரைத் தூக்கிப் பாறையில் அடித்து, சாமான்களோடு சேர்த்து உள்ளே இழுத்தது. செத்தோம் என்றே நினைத்தாராம். எப்படியோ கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து வெளியே வந்தார். கையில் விடாமல் பிடித்திருந்த வண்ணம் குழைக்கும் பலகை முகத்தில் அடித்து, தாடியெல்லாம் நீலமும் மஞ்சளும். இதையெல்லாம், அந்தச் சூரியனை வாங்கிய ஒஷ்தேயின் மனைவியும் பின்னாளில் மோனேவின் மனைவியுமான அலீஸ் ஒஷ்தேவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். உயிர் பிழைத்ததைவிட, ஈசலும் பையும் போனதும், நம்பியிருந்த அந்த ஓவியம் சுக்குநூறானதும், உடை மாற்றிக்கொண்டு வந்த பிறகும் வேலை செய்ய முடியாமல் போனதும்தான் மனிதருக்குப் பெரிய ஆத்திரம். தொலைந்த சாமான்களுக்கு உடனே தந்தி அடித்தாயிற்று, நாளைக்கு ஈசல் தயாராகிவிடும் என்று எழுதியிருக்கிறார்.